சலவை அறையில் கைகொடுத்த அக்காவுக்கு

கப்பல் ஆட்டத்தில் மகனுக்கு ஓயாத வாந்தி, மாற்றுத்துணியே மிச்சமில்லை. கரை தொடாத நாள் வேறு, சலவை அறையில் ஒரு மெஷின்கூடக் காலியில்லை.

அக்கா, நான் வாய் திறக்கவே இல்லை. உங்கள் முறை வந்ததும் உங்கள் பையை ஓரமாக வைத்துவிட்டு, "முதல்ல பிள்ளை துணியைப் போடும்மா" என்றீர்கள். டிரையரின் வடிகட்டியை உருவி, கம்பளம்போல் அப்பியிருந்த பஞ்சை வழித்தெடுத்தீர்கள். "இது அடைச்சிருந்தா எவ்வளவு ஓடினாலும் காயாது." ஈரம் போகாத சட்டையைத் தடித்த துண்டில் சுருட்டி, முழங்காலால் அழுத்தினீர்கள். குளியலறைச் சுவரில் இழுத்து மாட்டும் துணிக்கொடி இருப்பதே நீங்கள் சொல்லித்தான் தெரியும். (தீப்பிடிக்கும் என்று இஸ்திரிப் பெட்டிக்குத்தான் தடை, கொடிக்கு இல்லை!)

பெயர் கேட்பதற்குள் போய்விட்டீர்கள். இதைப் படித்தால் ஒரு வரி எழுதுங்கள் அக்கா. ரொம்ப நன்றி.