ப்ளஸ் ஒன் மார்க்குக்கு இனி நீங்கள்தான் சாட்சி

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்ட மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர்களுக்கு,

வணக்கம். நம் ஊரில் ப்ளஸ் டூ மார்க்தான் எல்லாம். பொறியியல் கலந்தாய்வில் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200-க்குப் போடும் கட்-ஆஃபில் வேறு எந்த வகுப்புக்கும் இடமில்லை. ஒன்பதாவதில் என்ன வாங்கினாய் என்று யாரும் கேட்பதில்லை.

இப்போது நம் பிள்ளைகளில் சிலர் உதவித்தொகையை நம்பி அமெரிக்கக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கிறார்கள். போட்டி அதிகமுள்ள கல்லூரிகள் பொதுவாக 9 முதல் 12 வரை நான்கு வருட மார்க்கையும் கேட்கின்றன. சராசரியோடு விடுவதில்லை, வருடா வருடம் ஏறியிருக்கிறதா, இறங்கியிருக்கிறதா என்றும் பார்க்கிறார்கள். ஒன்பதாவதில் 65 வாங்கியவன் ப்ளஸ் ஒன்னில் 90 வாங்கியிருந்தால் அது அவனுக்குப் பலம். 95-லிருந்து 75-க்கு இறங்கியிருந்தால் காரணம் தேடுவார்கள். ஏற்றம் இருந்தாலே இடம் கிடைத்துவிடும் என்று பிள்ளைகளுக்கு ஆசை காட்டவும் கூடாது. நான்கு வருடமும் நன்றாக வாங்கியவர்களே அங்கே ஏராளமாக வந்து நிற்கிறார்கள்.

விண்ணப்பத்தின் கடைசி நாள் பெரும்பாலும் நவம்பர் தொடக்கத்திலோ ஜனவரி தொடக்கத்திலோ வரும். நம் ப்ளஸ் டூ பொதுத்தேர்வு மார்ச்சில். ஆகவே அவர்கள் கையில் இருக்கும் கடைசி முழு வருட மார்க் ப்ளஸ் ஒன் மார்க்தான். அந்த வருடத்தைத்தான் நம்மில் பல பள்ளிகள் ஒப்புக்கு நடத்திவிட்டு, ஜூனிலேயே ப்ளஸ் டூ பாடத்தை ஆரம்பித்துவிடுகின்றன. இதைத் தடுக்கத்தான் 2017-18-இல் ப்ளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு வந்தது. 2025-26 முதல் அது நீக்கப்பட்டுவிட்டது. பிள்ளைகளின் சுமை குறைந்தது, நல்லது. ஆனால் இனி ப்ளஸ் ஒன்னுக்கு அரசுச் சான்றிதழ் கிடையாது. அந்த ஒரு வருடத்துக்கு உங்கள் பள்ளிப் பதிவேடு மட்டுமே அத்தாட்சி.

அந்தப் பதிவேடு எப்படி இருக்கிறது என்பதுதான் என் கவலை. வேதாரண்யம் பக்கத்துப் பையன் ஒருவனின் தாள்களை நான் பார்த்தேன். கஜா புயல் அடித்த 2018 நவம்பரில் அவன் ஒன்பதாவது. கணக்கில் காலாண்டில் 81, அரையாண்டில் 38. பத்தாவதில் கொரோனா வந்து பொதுத்தேர்வு ரத்து; காலாண்டு, அரையாண்டு மார்க்கையும் வருகைப் பதிவையும் வைத்துத் தேர்ச்சி போட்டார்கள். ப்ளஸ் ஒன்னில் ஆல் பாஸ். ப்ளஸ் டூ பள்ளித் தேர்வில் கணக்கில் 94. வீட்டுக் கூரை போய், தென்னையெல்லாம் சாய்ந்து, விளக்கு வெளிச்சத்தில் படித்து மேலே வந்த பையன். பள்ளி தந்த தாளில் அந்த 38 இருந்தது, புயல் இல்லை. இரண்டு வரி எழுதித் தாருங்கள் என்று கேட்டதற்கு, அப்படியெல்லாம் எழுதும் வழக்கம் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இன்றும் அதை நினைத்தால் எனக்கு ஆறவில்லை.

அந்தக் கல்லூரிகள் மார்க்கோடு பள்ளியின் கடிதத்தையும் கேட்பது இதற்காகத்தான். வேதாரண்யம் எங்கே இருக்கிறது, கஜா என்ன செய்தது என்று அங்கே உட்கார்ந்து படிப்பவருக்கு எப்படித் தெரியும்? ஐப்பசி, கார்த்திகை மழையில் எத்தனை நாள் பள்ளி மூடியிருந்தது, நடவும் அறுப்பும் வரும்போது எந்தப் பிள்ளை வயலுக்குப் போகிறது, யார் அப்பாவை இழந்த வருடம் எது, இதெல்லாம் உங்கள் வகுப்பாசிரியர்களுக்குத் தெரியும். அவர்கள் எழுதினால்தான் அந்த இறக்கத்துக்கு அர்த்தம் வரும்.

இன்னொன்று. அரையாண்டுக்கும் திருப்புதல் தேர்வுக்கும் "பயம் இருக்கட்டும்" என்று கறாராகத் திருத்துகிறோம். நானும் முப்பது வருடம் அதே வகுப்பறையில் நின்றவள், நோக்கம் புரிகிறது. ஆனால் ப்ளஸ் டூ நடுவில் அந்தக் கல்லூரிகள் கேட்கும் இடைக்கால அறிக்கையில் அந்த அரையாண்டு மார்க்தான் போகிறது. இயற்பியலில் 58 என்று மட்டும் போனால் பிள்ளை சரிந்துவிட்டதாகவே படிப்பார்கள். உங்கள் பள்ளியில் அந்தத் தேர்வில் முதல் மார்க்கே 71 என்றால், அதையும் பக்கத்தில் எழுதுங்கள். அதற்காக மார்க்கைக் கூட்டிப் போட வேண்டாம். பொதுத்தேர்வு முடிவும் பின்னால் அவர்களுக்குப் போகும். மார்க் பெரிதாகச் சரிந்திருந்தால் கொடுத்த இடத்தைத் திரும்பப் பெறவும் அவர்களுக்கு உரிமை உண்டு.

இந்த முழு ஆண்டுத் தேர்வு முடிந்ததும் ப்ளஸ் ஒன் மார்க்கைப் பாடவாரியாகப் பதிவேட்டில் ஏற்றி, கையெழுத்தும் முத்திரையும் வைத்து ஒரு பிரதியைப் பிள்ளை கையில் கொடுங்கள். ஒன்பதாவது ரேங்க் கார்டு வீட்டில் வெள்ளத்தில் போயிருந்தாலும் பள்ளியில் நகல் கிடைக்க வேண்டும். கடிதத்தை ஆங்கிலத்தில் எழுதத் தயக்கமாக இருந்தால் தமிழிலேயே எழுதிக் கொடுங்கள். மொழிபெயர்க்கும் வேலையை நாங்கள் சில ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் பார்த்துக்கொள்கிறோம்.

அன்புடன்,
மன்னார்குடியிலிருந்து ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியை