கட்டுத்தரையிலிருந்து ஒரு கடிதம்

அன்புள்ள அம்மிணி,

நீ போனில் கேட்கும்போதெல்லாம் கன்று துள்ளிக்கொண்டு இருக்கிறது என்று சொல்லிவந்தேன். அது போய் இன்றோடு பதினாறு நாள் ஆகிறது. பொங்கலுக்கு வந்து வெறும் முளைக்குச்சியைப் பார்த்து நீ தெரிந்துகொள்வதைவிட நானே எழுதிவிடுவது நல்லது. உன் அம்மாவைக் கோபித்துக்கொள்ளாதே. சொல்ல வேண்டாம் என்று தடுத்தவன் நான்தான்.

போன தை மாதம் ஊரில் மாட்டுக்கு உடம்பெல்லாம் கட்டி கட்டியாக வருகிற தோல் கழலை நோய்க்குத் தடுப்பூசி முகாம் போட்டார்கள். லட்சுமி அப்போது மூன்று மாதச் சினை. வேளைக்கு எட்டு லிட்டர் கறந்துகொண்டிருந்தாள். ஊசி போட்டால் காய்ச்சல் வந்து பால் இறங்கிவிடும், சினைக்கு ஏதாவது ஆகிவிடும் என்று பயந்தேன். அதோடு, அது ஆட்டம்மைக்குப் போடுகிற ஊசி என்று சொன்னார்கள். ஆட்டுக்குப் போடுவதை மாட்டுக்கு ஏன் போட வேண்டும் என்று கேட்டுவிட்டு, அவளை அவிழ்த்துக் காட்டுக்கு ஓட்டிப் போய்விட்டேன். 2022இல் இதே நோயில் ராஜஸ்தானில் சாலையோரமெல்லாம் மாடுகள் செத்துக் கிடந்ததை நானும் டிவியில் பார்த்தவன்தான். நாடு முழுக்க அந்த ஒரே வருடத்தில் ஒன்றரை லட்சத்துக்கும் மேல் போய்விட்டன. எங்கோ வடக்கே நடக்கிறது என்று இருந்துவிட்டேன்.

ஆடியில் லட்சுமி ஈன்றாள். கிடாரிக் கன்று, நெற்றியில் வெள்ளைச் சுட்டி. நீ போட்டோவில் பார்த்தாய். ஐப்பசி மழை விட்டதும் ஈயும் கொசுவும் அடைந்துகொண்டன. ஒரு நாள் விடியற்காலை கறக்க உட்கார்ந்தபோது லட்சுமியின் உடம்பு கொதித்தது. தொடையைத் தடவினால் மயிருக்கடியில் புளியங்கொட்டையை வரிசையாக வைத்துத் தைத்ததுபோல் கைக்குத் தட்டுப்பட்டது. மறுநாள் அவை நெல்லிக்காய் அளவுக்கு எழும்பிவிட்டன. கழுத்து, மடி, காதோரம் என்று பாக்கியில்லை. முன்னங்கால் வீங்கி, அலைதாடியில் நீர் கோத்து, கண்ணிலும் மூக்கிலும் ஒழுகிக்கொண்டே நின்றாள். எட்டு லிட்டர் இரண்டானது.

அம்மை பார்த்திருக்கிறது, ஊசி கூடாது என்று அப்பத்தா கட்டுத்தரையில் வேப்பிலை செருகினார். நான் மறுக்கவில்லை. வந்து பார்த்த கால்நடை டாக்டரும் அம்மை என்பதை மறுக்கவில்லை. இதுவும் அம்மை வகைக் கிருமிதான், கடிக்கிற ஈயும் கொசுவும் உண்ணியும் மாட்டுக்கு மாடு கொண்டுபோகிறது, மனிதருக்கு வராது என்றார். கிருமியைக் கொல்ல மருந்து இல்லையாம். காய்ச்சலுக்கும், புண்ணில் சீழ் பிடிக்காமல் இருக்கவும் ஊசி போட்டார். வெற்றிலை பத்து, மிளகு பத்து கிராம், உப்பு பத்து கிராம், வெல்லம் சேர்த்து அரைத்து நாக்கில் தடவச் சொன்னார். முதல் நாள் மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை. இரவெல்லாம் உன் அம்மா அம்மிக்கல்லை விட்டு எழவில்லை. புண்ணுக்குக் குப்பைமேனி, வேப்பிலை, பூண்டு, மஞ்சளை அரைத்து நல்லெண்ணெயில் காய்ச்சிப் பூசினோம். லட்சுமி பிழைத்துக்கொண்டாள்.

கன்றுக்குத்தான் வாய்க்குள்ளேயே கட்டி வந்துவிட்டது. பசியோடு மடிக்கு வரும், காம்பை வாயில் வாங்கும், ஒரு உறிஞ்சு உறிஞ்சிவிட்டு வலி தாங்காமல் விட்டுவிடும். பிறகு என் முழங்கையை நக்கும். பீய்ச்சிய பாலைப் பாட்டிலில் ஊற்றிப் புகட்டினேன். கடைவாய் வழியே வழிந்துவிட்டது. லட்சுமி தன் உடம்பு முழுக்கப் புண்ணை வைத்துக்கொண்டு கன்றின் முதுகுக் கட்டிகளை நக்கிக்கொண்டே இருந்தாள். மூன்றாம் நாள் இரவு மூச்சு வாங்கியது. விடியவில்லை.

கிணற்று மேட்டுக்கு அந்தப்பக்கம் ஆறடிக் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டு மூடினேன். அப்போதுதான் டாக்டர் அதைச் சொன்னார். தாய்க்குத் தையிலேயே ஊசி போட்டிருந்தால் சீம்பால் வழியாகவே கன்றுக்கும் எதிர்ப்புச் சக்தி போயிருக்கும் என்றார். நான்கு மாதம் ஆகாத கன்றுக்கு ஊசி போடுவதில்லை. அதுவரைக்கும் தாய் கொடுப்பதுதான் காவல். அம்மிணி, அந்தச் சீம்பாலை நாம் எவ்வளவு சந்தோஷமாகக் காய்ச்சினோம்! வெல்லமும் ஏலக்காயும் போட்டு நாலு வீட்டுக்குக் கொடுத்தோமே. கன்றும் வயிறு முட்டக் குடித்தது. அதில் இருக்க வேண்டியது இல்லாமல் போனதற்கு நான்தான் காரணம்.

ஊரில் இன்னும் ஏழெட்டுக் கட்டுத்தரையில் இருக்கிறது. யார் வீட்டிலிருந்து வந்தது என்று யாரும் சண்டை போடவில்லை. ஈக்கு வேலி ஏது? சந்தைக்கு மாடு போகவில்லை. சொசைட்டியில் பால் பாதியாகிவிட்டது. பக்கத்துத் தோட்டத்தில் ஒரு கிழவி, புருஷன் இல்லாதவள், ஒரே மாட்டை வைத்து வாரக் கடன் கட்டிவந்தாள். அது கன்று வீசிவிட்டது. இனி எப்போது சினை பிடிக்குமோ. அவளுக்குத் தீவனத்துக்கு நாங்கள் சோளத்தட்டு கொடுத்துவருகிறோம். லட்சுமியின் தோலில் தழும்பு போகாது. எந்த வியாபாரியும் கை வைக்க மாட்டான். நானும் கொடுப்பதாக இல்லை.

நீ பணம் அனுப்புகிறேன், வேறு மாடு வாங்குங்கள் என்பாய். இப்போது வேண்டாம். வெளிமாட்டை உள்ளே கொண்டுவருகிற நேரம் இல்லை இது.

உன் அத்தை வீட்டு மாடு ஐந்து மாதச் சினை என்று போன வாரம் சொன்னாய். அதற்கு ஊசி போட்டாயிற்றா என்று நாளையே கேள். போடவில்லை என்றால் கால்நடை மருந்தகத்துக்கு மாப்பிள்ளையை அனுப்பி, டாக்டரைக் கேட்டு, மாடு நல்ல உடம்பாக இருக்கும்போதே போட்டுவிடச் சொல். நோய் கண்ட பிறகு போட மாட்டார்கள். சாயங்காலம் கட்டுத்தரையில் வேப்பந்தழைப் புகை போடுங்கள், சாணியும் மூத்திரமும் தேங்க விடாதீர்கள். பால் இறங்கிவிடும் என்று உன் அத்தை யோசித்தால், இந்தக் கடிதத்தை அவரிடம் படித்துக் காட்டு. எனக்கு வெட்கம் இல்லை. சம்பந்தியிடம் நானே பேச வேண்டுமென்றாலும் பேசுகிறேன்.

அன்புடன்,
அப்பா