வாசித்தவனின் கூலி

அன்புள்ள கயல்,

போனில் பேசினால் நீ பாதியில் குறுக்கிடுவாய், அதனால் எழுதுகிறேன். அந்தப் பழைய படத்தின் ப்ளூ-ரே டிஸ்க்குக்காக நீ ஆசையாகச் செய்த இணைப்புப் பகுதியை, இசைக்குப் பணம் கட்டி மாளாது என்று எடுத்துவிட்டார்கள் என்றாய். கேட்டு எனக்கும் வருத்தம். ஆனால் "எல்லாம் இந்த இசைக்கலைஞர் யூனியன்காரர்களால்" என்றாயே, அதுதான் மனசை உறுத்துகிறது. கோடம்பாக்கத்தில் படங்களின் பின்னணி இசைப் பதிவுக்கு, அதான் ரீ-ரெக்கார்டிங்குக்கு, வயலின் வாசித்துத்தான் உன்னைப் படிக்க வைத்தேன். எங்களுக்கு அன்றைய கால்ஷீட் காசோடு சரி. படம் டிவியில் ஓடினாலும் கேசட்டாக விற்றாலும் வாசித்தவனைத் தேடி யாரும் வந்ததில்லை.

நீ இருக்கும் அமெரிக்காவில் அப்படியில்லை. படம் டிஸ்க்காக விற்றால் தயாரிப்பாளர் வருவாயில் 1 சதவீதம் ஒரு நிதிக்குப் போய், வாசித்தவர்களுக்குப் பிரிகிறது. 1972 முதல் இருக்கும் ஏற்பாடு. வாசித்தவர் இறந்துவிட்டால் அவருடைய வாரிசுக்குப் போகிறது. ஆனால் படத்துக்கென்று வாசித்த இசையைத் தனியே எடுத்து வேறொன்றுக்குப் பயன்படுத்தினால் புதுக் கூலி கொடுக்க வேண்டும். எண்பது பேர் வாசித்திருந்தால் எண்பது பேருக்கும். லாஸ் ஏஞ்சல்ஸில் பதிவான எத்தனையோ படங்களின் இசைத்தட்டு அந்தக் காலத்தில் அரை மணி நேரத்தோடு நின்றதற்கு இந்தக் கணக்குதான் காரணம். சில ஆயிரம் பிரதி மட்டும் விற்கும் டிஸ்க்குக்கு இது பாரம்தான், மறுக்கவில்லை.

அதற்காக, கேட்பவன்மேல் கோபப்படலாமா? பெக்கி லீ என்ற பாடகியின் வழக்கைப் படித்துப் பார். 1955-இல் வந்த 'லேடி அண்ட் தி டிராம்ப்' படத்துக்கு இன்னொருவரோடு சேர்ந்து பாட்டெழுதி, பாடி, குரலும் கொடுத்தார். 1987-இல் டிஸ்னி அதை வீடியோ கேசட்டாக விற்றது. பொதுமக்களுக்கு விற்கும் ஒலிப்பதிவுகளுக்குத் தன் அனுமதி வேண்டும் என்று அவருடைய ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது. கேசட்டும் அதில் அடக்கம் என்று வாதாடி, 1991-இல் 20 லட்சம் டாலருக்கு மேல் வாங்கினார். வீட்டில் வீடியோ பார்ப்பார்கள் என்று யாரும் நினைக்காத காலத்தில் எழுதிய ஒரு வரி, அந்த அம்மாளைக் காப்பாற்றியது! டிஸ்னியின் 'ஃபேண்டேசியா' படத்துக்கு வாசித்த ஃபிலடெல்ஃபியா ஆர்க்கெஸ்ட்ராவும் வீடியோ வந்த பிறகு பங்கு கேட்டு டிஸ்னிமேல் வழக்குப் போட்டது.

பார்க்கிறவர்களுக்கும் நஷ்டம் உண்டு. 'டபிள்யூ.கே.ஆர்.பி. இன் சின்சினாட்டி' என்ற தொடர் ஒரு ரேடியோ நிலையத்தைப் பற்றியது. பாட்டுதான் அதற்கு உயிர். 2007-இல் முதல் சீசன் டிவிடி வந்தபோது பல பாட்டுகளை எடுத்துவிட்டு ஏதோ இசையை ஒட்டியிருந்தார்கள். பாட்டை எழுதியவர் பக்கம் ஓர் உரிமை, அதைப் பதிவு செய்த கம்பெனி பக்கம் இன்னோர் உரிமை; ஒளிபரப்புக்கு வாங்கியது டிஸ்க்குக்குச் செல்லாது. 2014-இல் வேறொரு நிறுவனம் மறுபடி உட்கார்ந்து பேசி, பெரும்பாலான பாட்டுகளைத் திரும்பக் கொண்டுவந்தது. பொறுமையும் பணமும் போட்டார்கள், கிடைத்தது.

இங்கே இந்தியாவிலும் 2012 பதிப்புரிமைச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, தியேட்டருக்கு வெளியே பாட்டு பயன்பட்டால் இசையமைப்பாளருக்கும் பாடலாசிரியருக்கும் ராயல்டியில் பங்கு உண்டு. அதை எழுதி வாங்கிப் பறிக்க முடியாது.

ஒன்று செய், கண்ணு. இசையைப் போட முடியாவிட்டால் போகட்டும். அந்தப் படத்துக்கு வாசித்தவர்களில் இருப்பவர்களைத் தேடிப் பேசவை. எந்த அறையில் உட்கார்ந்தார்கள், எத்தனை டேக் போனது, கண்டக்டர் எங்கே நிறுத்தினார் என்று கேள். அவர்கள் வந்த நேரத்துக்குச் சம்பளம் கொடுக்கச் சொல். பெயர்களை ஒன்று விடாமல் திரையில் போடு. தயாரிப்பாளர் சம்மதித்தால் சொல், வயலின்காரர்களிடம் என்ன கேட்பது என்று நான் எழுதித் தருகிறேன்.

அன்புடன்,
அப்பா