கப்பல் முனையத்தில் எங்கள் பெட்டிகளைச் சுமந்தவருக்கு நன்றி

உல்லாசக் கப்பலில் ஏறுவதற்காக முனையத்தின் வாசலில் நாங்கள் வந்து இறங்கியபோது எங்கள் பெட்டிகளை வாங்கிக்கொண்ட சுமைதூக்கும் தொழிலாளரே, உங்கள் பெயரைக் கேட்டறிய வாய்ப்பு அமையாததால் இந்த நன்றியைப் பொதுவில் எழுதுகிறேன்.

பெட்டியை வண்டியில் ஏற்றுவதற்கு முன், "ஐயா, இதில் மருந்தோ பாஸ்போர்ட்டோ இருக்கிறதா?" என்று கேட்டீர்கள். ஒப்படைத்த பெட்டிகள் எக்ஸ்ரே சோதனை முடிந்து, பல கைகள் மாறி, அறை வாசலை அடைய மாலை வரை, சில வேளைகளில் இரவு வரைகூட ஆகும் என்று விளக்கி, அப்பாவின் இன்சுலினைக் கைப்பைக்கு மாற்றச் செய்தீர்கள். அந்த இடைவெளி எவ்வளவு ஆபத்தானது என்பதைச் சர்க்கரை நோயாளி உள்ள எந்தக் குடும்பமும் அறியும்.

விமானங்களில் இருப்பதுபோல் எடையைக் கறாராக நிறுத்துப் பார்க்கும் வழக்கம் பல கப்பல்களில் இல்லை. ஆயினும் ஒரு பெட்டி 23 கிலோவைத் தாண்டாமல் இருப்பதே நல்லது என்பதை, நாள் முழுவதும் அவற்றைத் தூக்கும் உங்கள் தோள்களைப் பார்த்தபோது முழுமையாக உணர்ந்தேன். பயணிகள் இதை மனத்தில் கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அறை எண் அச்சிட்ட அட்டை ஒன்று கிழிந்திருந்ததைக் கவனித்து, புதியதை எழுதிக் கட்டியவரும் நீங்களே. அது இல்லாதிருந்தால் அந்தப் பெட்டி யாருடையது என்று கண்டறியவே நெடுநேரம் ஆகியிருக்கும்.

அப்பா உரிய நேரத்தில் ஊசி போட்டுக்கொண்டார். பெட்டிகளும் குறையின்றி வந்து சேர்ந்தன. எங்கள் குடும்பத்தார் அனைவரின் மனமார்ந்த நன்றியை ஏற்றுக்கொள்ளுங்கள்.