மீண்டும் சிறைக்கு அனுப்பும் முன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றங்கள் சிறைவாசத்துக்குப் பின் விதிக்கும் கண்காணிப்புக் காலத்தைப் பரோல், அதாவது தண்டனை முடியும் முன்பே நிபந்தனையுடன் விடுவிப்பது, என்றே பலர் எண்ணுகின்றனர். உண்மையில், பரோலை ஒழித்த 1984ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே வந்த இது, சிறைவாசம் முடிந்த பிறகு தொடங்கும் தனிக் காலம். இதில் நிபந்தனை மீறல் என்பது புதிய குற்றமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. கண்காணிப்பு அதிகாரியிடம் தெரிவிக்காமல் வீடு மாறுவதும், அனுமதியின்றி நீதிமன்றத்தின் அதிகார எல்லைக்குட்பட்ட பகுதியைத் தாண்டுவதும்கூட மீறல்களே.

இத்தகைய மீறல் குறித்த விசாரணையில், பொதுமக்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்படும் நடுவர் குழுவான ஜூரி இல்லை. ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்கவும் தேவையில்லை. மீறல் நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று நீதிபதி கருதினால், மூலக் குற்றத்தின் கடுமையைப் பொறுத்து, மிகக் கடுமையான குற்றங்களில் 5 ஆண்டுகள் வரையிலும்கூட ஒருவரை மீண்டும் சிறையில் அடைக்கலாம். அவர் வெளியே கண்காணிப்பில் ஒழுங்காக இருந்த காலத்தை அந்தச் சிறைக்காலத்திலிருந்து குறைக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்பதுதான் எனக்குப் பெரும் அநீதியாகப் படுகிறது.

கண்காணிப்புக் காலத்தில் செய்யும் சில குற்றங்களுக்கு ஜூரி இன்றியே குறைந்தபட்சம் 5 ஆண்டுச் சிறையைக் கட்டாயமாக்கிய பிரிவை 2019இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. மற்ற மீறல்களுக்கு அந்தப் பாதுகாப்பு இன்னும் எட்டவில்லை. வேலையும் வீடும் தேடி அலையும் ஒருவரின் சிறு தவறுக்குச் சிறை முதல் பதிலாக இருக்கக் கூடாது.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்