மாத்திரையை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேளுங்கள்

எச்.ஐ.வி. சிகிச்சை மையங்களில் பணியாற்றும் மருத்துவர்கள், செவிலியர்கள், ஆலோசகர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

எச்.ஐ.வி. கிருமியை அடக்கி வைக்கும் ஏ.ஆர்.டி. மருந்தைப் பல வருடங்களாகச் சாப்பிட்டு வருகிறேன். ஒவ்வொரு முறையும் மிச்ச மாத்திரைகளை எண்ணிவிட்டு, "ஏன் விட்டீர்கள்?" என்று கேட்பீர்கள். "மறந்துவிட்டேன்" என்போம். பாதி நாள் அது உண்மையில்லை. ஞாபகம் இருக்கும், எடுக்கத்தான் வழியிருக்காது.

வீட்டில் யாருக்கும் தெரியாமல் சாப்பிட்ட மருந்து அது. டப்பா குலுங்கினால் சத்தம் வரும் என்று உள்ளே பஞ்சு அடைத்து வைத்திருந்தேன். உறவினர் யாராவது வந்து என் அறையில் படுத்தால் அன்றைக்கு மாத்திரை கிடையாது. தலைசுற்றல், விபரீதக் கனவு எல்லாம் வரும் என்பதால் எஃபவிரென்ஸ் என்ற மருந்து கலந்த மாத்திரையைப் படுக்கும்போது போடச் சொல்வார்கள். அப்புறம் டோலுடெக்ராவிர் என்ற வேறு மருந்துக்கு மாற்றினார்கள். அதை எந்த நேரத்திலும் போடலாம், ஆனால் தினமும் ஒரே நேரமாக இருந்தால் நல்லது. இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. ரொம்ப நாள் கழித்து ஒரு செவிலியர்தான், "மாத்திரையை எங்கே வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டார். சொன்னேன். "காலையில் வேலைக்குக் கிளம்பும்போது போடுங்களேன்" என்றார். அதோடு மாத்திரை விடுவது நின்றுபோனது.

திட்டு வாங்க பயந்து, மிஞ்சியதைக் குப்பையில் போட்டுவிட்டு வருகிறவர்களும் இருக்கிறார்கள். உங்கள் கணக்கு சரியாக இருக்கும், வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் இருக்கும் கிருமியின் அளவு மட்டும் ஏறியிருக்கும். அப்படி விட்டு விட்டுச் சாப்பிடும்போதுதான் கிருமி மருந்துக்கு மசியாமல் போகிறது. தயவுசெய்து திட்டாதீர்கள்.

மூன்று மாதம், ஆறு மாதத்துக்கு மொத்தமாக மருந்து தருவது பெரிய உதவி. அலைச்சலும் கூலி இழப்பும் குறையும். ஆனால் அத்தனை டப்பாவையும் ஒளித்து வைக்க இடம் இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

வேறென்ன மருந்து சாப்பிடுகிறார்கள் என்பதையும் விசாரியுங்கள். இரும்புச்சத்து மாத்திரையும், நெஞ்செரிச்சலுக்குச் சாப்பிடும் மருந்துகளில் அலுமினியம், மெக்னீசியம், கால்சியம் கலந்த ஆன்டாசிட் வகையும் டோலுடெக்ராவிர் உடம்பில் சேர்வதைக் குறைக்கும்.

வைரல் லோடு கண்டறிய முடியாத அளவிலேயே இருந்தால் உடலுறவு மூலம் மற்றவருக்குத் தொற்றாது என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். அதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் என் துணையிடம் உண்மையைச் சொல்ல எனக்குத் தைரியம் வந்தது. இப்போது டப்பா சாப்பாட்டு மேசையில் இருக்கிறது, பஞ்சு இல்லாமல்.