கிறிஸ்துமஸ் கதைக்குக் கைகொடுத்தவர்களுக்கு

அன்புள்ளவர்களுக்கு,

வாரவாரம் நான் எழுதிவந்த ஸ்டெல்லா–ஆண்டோ கதை முடிந்துவிட்டது. தூத்துக்குடிக்குப் போய் வந்த மாதிரி இருந்தது என்று பலர் சொல்கிறீர்கள். அந்தப் பாராட்டு எனக்கு மட்டும் உரியதில்லை. கேட்டபோதெல்லாம் வேலையைப் போட்டுவிட்டு எனக்குச் சொல்லித் தந்தவர்களுக்கு எல்லார் முன்னாலும் நன்றி சொல்லத்தான் இந்த மடல். பெயர் வேண்டாம் என்று சிலர் கேட்டுக்கொண்டதால் யார் பெயரையும் போடவில்லை.

முதல் நன்றி எங்கள் கோயில் பாதிரியாரான பங்குச்சாமிக்கு. அத்தை கொண்டுவரும் வரனிலிருந்து தப்பிக்க ஒரு பெண், தெரிந்த பையன் ஒருவனைக் காதலனாக நடிக்கச் சொல்கிறாள். டிசம்பர் முழுக்க இந்தப் பொய் தாங்க வேண்டும் என்று தயங்கித் தயங்கி அவரிடம் சொன்னேன். சிரித்துவிட்டார். "திருவருகைக் காலத்துல நாம கல்யாணம் வைக்கிறதில்லையே, அது போதாதா?" என்றார். மொத்தக் கதையும் அந்த ஒரு வரியில் பிறந்ததுதான். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளும் அடங்கிய திருவருகைக் காலம், தவக்காலம் போலத்தான். எங்கள் பக்கத்துக் கத்தோலிக்கக் கோயில்களில் அப்போது வழக்கமாகக் கல்யாணம் இருக்காது. அதனால் ஸ்டெல்லாவிடம் யாரும் தேதி கேட்க முடியாது. 25 வந்துவிட்டால் அந்தக் காவல் போச்சு. பண்டிகை முடிந்த கையோடு கல்யாணங்கள் வரிசை கட்டும். அத்தை அதற்குள், கோயில் வேலைகளில் சாமிக்கு உதவும் உபதேசியாரிடம் பேசி ஓலைக்குப் பெயர் கொடுக்கக் கிளம்பிவிடுகிறாள்.

ஓலை என்றால் என்ன என்று கேட்ட மற்ற சமய வாசகர்களுக்காக: இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் என்று மூன்று ஞாயிறு பூசையில் வாசிப்பார்கள். தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் சொல்ல வேண்டும். இரண்டு பேர் விளையாட்டாகச் சொன்ன பொய்யை ஊர் முழுக்க உட்கார்ந்து கேட்கப்போகிறது! இன்னொன்றும் சாமி சொன்னார். கல்யாணமே வேண்டாம் என்று மனதுக்குள் முடிவுசெய்துவிட்டு வாயால் மட்டும் சம்மதம் சொன்னால் அந்தத் திருமணம் செல்லாது. திருச்சபைச் சட்டம் 1101ஆம் பிரிவு. ஆண்டோ "நான் இனிமே நடிக்க மாட்டேன்" என்று சொல்லும் இடம் எனக்குக் கிடைத்தது அங்கேதான்.

அப்புறம், ரயில்வேயில் இருக்கும் என் தோழி. இருவரும் முதன்முதலாக நெருக்கத்தில் உட்கார ஓர் இடம் வேண்டும் என்று கேட்டதும், "முத்துநகர் எக்ஸ்பிரஸ்ல ஆர்ஏசி குடுத்துரு" என்றாள். பண்டிகைக் கூட்டம், உறுதியாகாத டிக்கெட், பக்கவாட்டுக் கீழ்ப்படுக்கை ஒன்றில் இரண்டு பேர். எழும்பூரிலிருந்து விடிய விடியக் காலை மடக்கிக்கொண்டு எதிரும் புதிருமாக உட்கார்ந்தபடி, வீட்டில் என்னென்ன சொல்ல வேண்டும் என்று ஒத்திகை பார்த்துக்கொண்டு போகலாம். இதைவிட நல்ல முதல் அத்தியாயம் எனக்கு வாய்த்திருக்காது.

பேக்கரி மாஸ்டர் அண்ணனுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. கிறிஸ்துமஸ் நெருக்கடியில் மூச்சுவிட நேரமில்லாதவர் என்னை அடுப்பருகே நிறுத்திவைத்து மக்ரூன் போடக் காட்டினார். முட்டையின் வெள்ளைக்கருவும் சீனியும் நுரைத்துப் பொங்கி, பாத்திரத்தைக் கவிழ்த்தாலும் விழாத பதம் வர வேண்டும். அதில் முந்திரித் தூளைப் பதமாகக் கலந்து, காகிதக் கூம்பில் அள்ளி, தாளின் மேல் சின்னச் சின்னக் கோபுரமாகப் பிழிகிறார். கை ஒரே சீராக ஓடுகிறது. பிறகு குறைந்த சூட்டில் நெடுநேரம் காய வேண்டும். "மழைக்காத்து பட்டா நமுத்துரும்மா, அதான் டிசம்பர்ல எங்களுக்குப் பயம்" என்றார். சட்டைக்குள் மக்ரூன் பொட்டலத்தை மறைத்துக்கொண்டு ஆண்டோ மழையில் ஓடிவரும் காட்சி உங்களில் பலருக்குப் பிடித்திருந்ததல்லவா, அது இந்த அண்ணன் தந்தது. நடிப்பவனுக்கு மக்ரூன் நமுத்தால் என்ன? தான் முழுக்க நனைந்து அதை மட்டும் காப்பாற்றுகிறான் என்றால் அவன் மனசு அவளுக்குத் தெரிந்துவிடும்.

கதையில் வரும் அத்தையின் பேச்சு, என் சொந்த அத்தையின் பேச்சு. "ஏட்டி, குடில்ல பாலனை இப்பவே வைக்காத, நடுச்சாமப் பூசைக்கு அப்புறந்தான்" என்று அவர் அதட்டியதை அப்படியே எழுதியிருக்கிறேன். அச்சுமுறுக்கு சுடும்போது மாவில் முக்கும் முன் அச்சை ஏன் எண்ணெயில் சூடாக்க வேண்டும் என்பதில் தொடங்கி, வரன் வீட்டாரிடம் எந்தத் தொனியில் "யோசிச்சுச் சொல்றோம்" என்று சொல்ல வேண்டும் என்பதுவரை எல்லாம் அவர் பாடம். அத்தை, உங்களை வில்லியாக எழுதிவிடுவேனோ என்று கவலைப்பட்டீர்களே! வாசகர்கள் ஆண்டோவைவிட உங்களைத்தான் அதிகம் கேட்கிறார்கள்.

பிழை திருத்திய தங்கைக்கும், வாரம் தவறாமல் படித்து "சிரித்துக்கொண்டே தூங்கப் போனேன்" என்று எழுதியவர்களுக்கும் என் அன்பு. வேலை முடிந்து களைத்து வருகிறவரைச் சிரிக்கவைக்கும் கதை எனக்குச் சின்ன விஷயமாகத் தோன்றியதே இல்லை. அதை முழு மனதோடுதான் எழுதுகிறேன்.

கல்யாணத்தைக் காட்டவில்லையே என்று கோபித்துக்கொண்டவர்களுக்கு: சரி, எழுதுகிறேன். ஜனவரி முதல் ஞாயிறு ஓலையில் தொடங்கி மூன்றே அத்தியாயம். ஓலை வாசிக்கும்போது கோயிலில் யார் இருமுகிறார்கள் என்பதை மட்டும் இப்போது கேட்காதீர்கள்.

எல்லார் வீட்டுக்கும் கிறிஸ்துமஸ் வாழ்த்துகள்.